சாரியாவிலிருந்து சாந்தியாகோவுக்கு நடை: தாள், முத்திரை, சாப்பாட்டு நேரம்

வடமேற்கு ஸ்பெயினில் கலீசியா மாநிலத்தின் தலைநகரம் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிற அதே யாகப்பரின் கல்லறை இந்த ஊர்ப் பேராலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. அங்கே நடந்துபோகும் பாதைகளுக்குப் பொதுப்பெயர் 'கமினோ'. பக்திக்காகப் போகிறவர்களும் உண்டு, சும்மா நடக்கப் போகிறவர்களும் உண்டு. சாரியா என்ற ஊரிலிருந்து சாந்தியாகோ வரையான கடைசி நடைக்கான இந்த வழிகாட்டி இரு சாராருக்கும் பொருந்தும்.

கடைசி நூறு கிலோமீட்டரை நடக்க விளையாட்டு வீரராக இருக்க வேண்டியதில்லை. தினமும் இருபது கிலோமீட்டரைக் கால் எப்படியோ பழகிக்கொள்ளும். புதிதாகப் போகிறவர்கள் தடுக்கி விழுவது தாளிலும் நேரத்திலும்தான்: நடந்ததற்குச் சாட்சியான ஒரு முத்திரை குறையும், ஓட்டல் அடுப்பு அணைந்த பிறகு போய் நிற்பார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பியிருப்பார்கள்.

1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் சாரியாவுக்குப் பிறகு பாதை திருவிழாக் கூட்டமாக இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மழையும் குளிரும் அதிகம், தங்கும் விடுதிகளில் பாதி மூடியிருக்கும். ஸ்பெயின் என்றதும் வெயில் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். கலீசியா மழை நாடு. ஜூனிலும் மழைச்சட்டை வேண்டும்.

ஜூலை 25 யாகப்பர் திருநாள், அதற்கு முந்தைய இரவு பேராலயச் சதுக்கத்தில் வாணவேடிக்கை. அந்த வாரம் போவதானால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடித்தாக வேண்டும். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அது புனித ஆண்டு. கடைசியாக வந்தது 2021, கொரோனா காரணமாக 2022 வரை நீட்டித்தார்கள். அடுத்தவை 2027, 2032. பேராலயத்தின் பின்பக்கம் கின்தானா சதுக்கத்தில் இருக்கும் புனிதக் கதவு வழக்கமாக அந்த ஆண்டுகளில் மட்டும் திறக்கும். 1993 புனித ஆண்டுக்காகத்தான் கலீசிய அரசு இந்தப் பாதையைப் பெரிதாக விளம்பரப்படுத்தி, வழியெங்கும் அரசு விடுதிகளைக் கட்டியது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வந்து சேர்கிறார்கள். 2027-இல் கூட்டம் இன்னும் கூடும். கதவு வழியே நுழைய வேண்டும் என்ற வேண்டுதல் இல்லாதவர்கள் அந்த ஆண்டின் கோடையைத் தவிர்ப்பது நல்லது.

2. எங்கிருந்து தொடங்குவது

முடித்ததற்கான சான்றிதழின் பெயர் 'கொம்போஸ்தெலா'. அதைப் பெற நடப்பவர் கடைசி 100 கி.மீ., சைக்கிளில் வருபவர் 200 கி.மீ. வந்திருக்க வேண்டும். கமினோக்களில் ஒன்றான பிரெஞ்சுப் பாதையில் இந்த எல்லைக்குச் சற்று முன்னால் ரயில் நிலையத்தோடு இருக்கும் ஊர் சாரியா, அங்கிருந்து சாந்தியாகோ சுமார் 115 கி.மீ. போர்ச்சுகல் எல்லையில் உள்ள துய் ஊரிலிருந்தும் ஏறத்தாழ அதே தூரம்.

ஒரு நாளை மிச்சப்படுத்தலாம் என்று, சாரியாவுக்கு அடுத்துத் தங்கும் ஊரான போர்த்தோமரினில் தொடங்குகிறவர்கள் உண்டு. அங்கிருந்து தூரம் சுமார் 92 கி.மீ.தான், சான்றிதழ் கிடைக்காது. வடக்கே ஆ கொருஞா நகரத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல், அந்தத் தூரமும் நூறைத் தொடாது. வடக்கிலிருந்து வரும் இந்த ஆங்கிலேயர் பாதையில் போக ஆசை என்றால் ஃபெரோலில் தொடங்குங்கள்.

சாரியாவைத் தாண்டிச் சுமார் 13 கி.மீ.யில், ஃபெரெய்ரோஸ் அருகே, நூறாவது கிலோமீட்டர் கல் வரும். இடுப்புயரத் தூண், அதில் மஞ்சள் சிப்பிச் சின்னம், மஞ்சள் அம்பு, கீழே '100,000' என்று எண். லட்சம் என்று திகைக்க வேண்டாம், அங்கே காற்புள்ளிதான் தசமப்புள்ளி. ஓட்டல் விலைப்பட்டியலில் 3,50 என்றிருந்தால் அது மூன்றரை யூரோ. வழியெல்லாம் காணும் மஞ்சள் அம்புகள் 1980-களில் ஓ செப்ரெய்ரோ ஊர்ப் பங்குத்தந்தை எலியாஸ் வலிஞா தொடங்கிவைத்தவை. அம்பைப் பார்த்து நடந்தால் கைபேசி வரைபடமே தேவைப்படாது.

3. விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கு வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிக்கலான விண்ணப்பம் 45 நாள் வரை இழுக்கலாம். கோடைக்கால நேர ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டு, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கமுள்ள பாஸ்போர்ட், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு, போக வர விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலையிடத்து விடுப்புக் கடிதம், ஒவ்வொரு இரவும் தங்கும் இடத்துக்கான சான்று. கையிருப்பாக ஸ்பெயின் எதிர்பார்க்கும் தொகை நாளொன்றுக்கு அந்நாட்டு மாதக் குறைந்தபட்ச ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு. 2025-இல் அது 118.40 யூரோ.

தங்குமிடச் சான்றில்தான் கமினோ போகிறவர்கள் மாட்டுகிறார்கள். அரசு விடுதிகள் முன்பதிவே ஏற்பதில்லை. 'வழியில் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பதில் விசா மேசையில் செல்லாது. ஒவ்வொரு ஊரிலும் முன்பதிவு எடுக்கும் தனியார் விடுதி ஒன்றைப் பிடியுங்கள், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள். நாள்வாரியாக ஊர், தூரம், விடுதி என்று ஒரு பக்கத் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். நடந்து போவதாகச் சொல்லும் விண்ணப்பம் அதிகாரிக்கு அப்போதுதான் பிடிபடும்.

4. க்ரெடென்சியாலும் முத்திரைகளும்

க்ரெடென்சியால் என்பது விசிறி போல மடித்த அட்டை. நடைப் பயணியின் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை இரண்டு, மூன்று யூரோ. சாந்தியாகோவில் பயணியர் அலுவலகத்தில் கிடைக்கும், சாரியாவில் மக்தலேனா மடத்திலும் சில விடுதிகளிலும் கிடைக்கும். விமானத்தில் சாந்தியாகோ வந்து இறங்குகிறவர்கள் அங்கேயே வாங்கிவிட்டு சாரியா போவது நிம்மதி. நினைவுப்பொருள் கடையில் அழகாக இருக்கிறதென்று ஏதோ ஒன்றை வாங்காதீர்கள். பேராலயம் வெளியிட்டதாகவோ அது ஏற்ற சங்கத்தினுடையதாகவோ இருக்க வேண்டும். குடும்பமாகப் போனாலும் ஆளுக்கு ஒன்று.

முத்திரைக்கு அங்கே 'செயோ' என்று பெயர். கடைசி நூறு கிலோமீட்டரில் நாளுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். விடுதியில் ஒன்று, வழியில் காபி குடிக்கும் இடத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் தப்பாது. ஒவ்வொன்றின் அருகிலும் அன்றைய தேதி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். சாந்தியாகோவுக்குள் நுழையும் கடைசி நாளில் ஓட்டமாக ஓடி ஒரு முத்திரையோடு போய் நிற்பது அடிக்கடி நடக்கிற தவறு. இன்னொரு வகை ஆட்களும் உண்டு: பார்க்கிற கடையிலெல்லாம் முத்திரை குத்தி மூன்றாம் நாளே அட்டையை நிரப்பிவிடுவார்கள்.

அட்டையை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு உடம்பிலேயே வையுங்கள். முதுகுப்பையில் வைத்து, பையை வண்டியில் அனுப்பிவிட்டால் அன்று முத்திரை குத்த வழியில்லை.

5. சாரியா போய்ச் சேர்வது

தலைநகர் மத்ரீதின் சமார்த்தின் நிலையத்திலிருந்து சாந்தியாகோவுக்கு விரைவு ரயில் மூன்று, மூன்றரை மணி நேரம். சாந்தியாகோவிலிருந்து பேருந்தில் லூகோ, அங்கே மாறி சாரியா. ஞாயிறும் பொது விடுமுறையும் பேருந்து குறைவு. சனிக்கிழமை மாலைக்குள் சாரியா சேரும்படி திட்டமிடுங்கள்.

வழிப்பலகைகள் கலீசிய மொழியில் இருக்கும். அதில் 'எக்ஸ்' எழுத்துக்கு 'ஷ' ஒலி. மாநில அரசின் பெயர் 'ஷுந்தா'. விடுதி விசாரிக்கும்போது இந்தச் சொல் உதவும்.

6. ஐந்து நாளா, ஆறு நாளா

வழக்கமான ஐந்து நாள் கணக்கு: சாரியா – போர்த்தோமரின் 22 கி.மீ., போர்த்தோமரின் – பாலாஸ் தெ ரெய் 25, பாலாஸ் – அர்சுவா 29, அர்சுவா – ஓ பெத்ரோசோ 19, ஓ பெத்ரோசோ – சாந்தியாகோ 20.

மூன்றாம் நாளின் 29 கி.மீ. ஏற்ற இறக்கம் நிறைந்தது. பழக்கமில்லாதவர்களுக்குக் கொப்புளம் வெடிப்பதும் முழங்கால் பிடிப்பதும் அன்றுதான். அதை மெலீதேயில் உடைத்து 15, 14 என்று இரண்டு நாளாக்கிக்கொள்ளுங்கள். கூடுதல் செலவு ஒரு இரவு. மெலீதேயில் தங்குவதற்குச் சாப்பாட்டுக் காரணமும் உண்டு, அது கீழே.

போர்த்தோமரின் பாலத்தைக் கடந்ததும் செங்குத்தான கல் படிக்கட்டு ஒன்று எதிரே நிற்கும். முதல் நாள் முடிவில் அது சோதனைதான். பழைய ஊர் 1963-இல் பெலேசார் அணை நீருக்குள் போய்விட்டது. மேட்டில் தெரியும் கோட்டை போன்ற தேவாலயத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து கட்டியிருக்கிறார்கள். நீர் வற்றும் காலத்தில் பழைய சுவர்கள் வெளியே தெரியும்.

படுக்கை: ஷுந்தா விடுதியில் இரவுக்கு 10 யூரோ. பகல் 1 மணிக்குத் திறக்கும், முதலில் வந்தவருக்கு முதல் படுக்கை. ஒரே இரவுதான், காலை 8-க்குள் வெளியேற வேண்டும், இரவு 10-க்குக் கதவு மூடும். தலையணை, மெத்தைக்குக் காகித உறை தருவார்கள், போர்வை உங்கள் பொறுப்பு. ஒரு பொறி: பல அரசு விடுதிகளில் சமையலறை இருக்கும், அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது. குக்கர் சாதக் கனவோடு போகிறவர்கள் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரமாவது எடுத்துப் போகட்டும். தனியார் விடுதி 15 முதல் 25 யூரோ, தனி இரட்டை அறை 50-க்கு மேல்.

முதுகுப்பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முடியாதென்றால் அஞ்சல் துறையே பையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும், ஒரு கட்டத்துக்கு ஐந்து யூரோவை ஒட்டி. ஆனால் அரசு விடுதிகள் பையை வாங்கி வைக்காது, தனியார் விடுதி முகவரிதான் தர வேண்டும். புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் போடாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் ஊரில் போட்டு நடந்ததாக இருக்கட்டும்.

எல்லாம் சேர்த்து நாளுக்கு 45 முதல் 55 யூரோ என்று கணக்கு வையுங்கள். தனி அறை என்றால் இரு மடங்கு.

7. சாப்பாடு: மணி பார்த்துப் பசிக்க வேண்டும்

மதிய உணவு ஒன்றரை முதல் மூன்றரை மணி. அதன்பின் அடுப்பு அணைந்துவிடும். நாலு மணிக்கு வந்து நின்றால் கிடைப்பது ரொட்டியை நடுவில் வெட்டி எதையாவது வைத்த 'பொக்காதியோ' மட்டும். இரவுச் சாப்பாடு உள்ளூர்க்காரர்களுக்கு எட்டரைக்கு மேல். பத்து மணிக்குக் கதவு மூடும் விடுதியில் இருப்பவர்களுக்கு இது உதைக்கும், ஆகவே ஏழு மணிக்கே பரிமாறும் 'மெனூ தெல் பெரெக்ரீனோ' (நடைப் பயணியர் சாப்பாடு) பலகையைத் தேடுங்கள். மதியத்தில் 'மெனூ தெல் தியா': முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, தண்ணீர் அல்லது வைன், இனிப்பு அல்லது காபி, எல்லாம் சேர்த்து 12 முதல் 16 யூரோ. அன்றைய பெரிய சாப்பாட்டை மதியத்தில் வைத்துக்கொள்வதுதான் லாபம். மளிகைக் கடைகள் பல இரண்டு முதல் ஐந்து மணி வரை மூடும், ஞாயிறு முழுக்க மூடும். சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கி வையுங்கள்.

மெலீதேயில் ஆக்டோபஸ். நம் கடலோரத்தில் பேய்க்கணவாய் என்பார்களே, அதுதான். 'புல்போ ஆ ஃபெய்ரா' என்றால் சந்தை முறை ஆக்டோபஸ். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் எப்படி என்றால், அந்தக் காலத்தில் உலர்த்திய ஆக்டோபஸ்தான் உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போனது, அங்கேதான் இந்தப் பக்குவம் தேறியது. செம்பு அண்டாவில் கொதிக்கும் நீரில் மூன்று முறை முக்கி எடுத்து, பிறகு உள்ளே விட்டு வேகவைப்பார்கள். அப்படி முக்கினால் தோல் உரியாது என்பது சமைப்பவர்களின் கணக்கு. வெந்ததும் கத்தரிக்கோலால் காலை வட்டம் வட்டமாக நறுக்கி மரத்தட்டில் விழவிடுவார்கள். மேலே கல்லுப்பு, மிளகாய்த்தூள், தாராளமாக ஆலிவ் எண்ணெய். மிளகாய்த்தூளில் இனிப்பு, காரம் என இரண்டு வகை உண்டு, காரம் வேண்டுமென்றால் 'பிக்காந்தே' என்று சொல்லுங்கள். பல் குத்தும் குச்சியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். தட்டில் மிஞ்சும் சிவந்த எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது மரியாதைக் குறைவல்ல. ஒருவர் மட்டும் என்றால் 'மேதியா ரஸியோன்' என்று அரைத்தட்டு கேளுங்கள். வெந்த உருளைக்கிழங்கு, 'கச்சேலோஸ்', பெரும்பாலும் தனியாகச் சொல்ல வேண்டும்.

பச்சை மிளகாய் வறுவலும் உண்டு: 'பிமியெந்தோஸ் தெ பத்ரோன்'. விரல் நீள மிளகாயை முழுசாக எண்ணெயில் பொரித்து உப்புத் தூவித் தருவார்கள். 'சில காரம், சில காரமில்லை' என்பது அங்குள்ள பழமொழி. காந்தாரி மிளகாய் கடித்து வளர்ந்த நாக்குக்கு எல்லாமே இரண்டாம் வகைதான்.

சைவர்களுக்கு இங்கே தனி எச்சரிக்கை. 'கறி வேண்டாம்' என்றால் மீன் வரும், மீனும் வேண்டாம் என்றால் ஹாம் தூவி வரும். பன்றித் தொடையைக் கறிக் கணக்கில் சேர்க்காதவர்கள் நிறைய. இப்படி நீட்டிச் சொல்லுங்கள்: 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி ஆத்தூன்'. கடைசிச் சொல் சூரை மீன், 'கலவை சாலட்' என்று போட்டிருக்கும் தட்டில் அது கட்டாயம் இருக்கும். கீரை, உருளை, வெள்ளை பீன்ஸ் போட்ட 'கால்தோ கயேகோ' சூப் பார்வைக்குச் சைவம், அடியில் பன்றிக் கொழுப்பு. பயறுக் குழம்பில் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு இருக்கும். பூரணம் வைத்துச் சுடும் எம்பனாதாவின் மாவிலேயே கொழுப்பு சேர்ப்பதுண்டு. நம்பிச் சாப்பிடக்கூடியவை: மேற்படி மிளகாய், தக்காளி தேய்த்த ரொட்டி, பொரித்த உருளை, பழம். முட்டை உண்டென்றால் 'தோர்தீயா' என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எந்தக் கடையிலும் கிடைக்கும். அர்சுவாவின் மென்மையான பாலாடைக்கட்டி பிரமாதம், ஆனால் உறைய வைக்கக் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பது வழக்கம். கறாரானவர்கள் உறையைப் படித்துவிட்டு வாங்கட்டும்.

காபி நன்றாக இருக்கும். டீ கேட்டால் வெந்நீரும் பொட்டலமும் தருவார்கள். பால் கலந்த டீக்கு ஏங்குகிறவர்கள் சொந்தத் தூள் கொண்டுபோவதே உத்தமம்.

8. கொம்போஸ்தெலா வாங்குவது

சான்றிதழ் கிடைப்பது பேராலயத்துக்குள் அல்ல, அதற்குப் பக்கத்தில் ருவா தாஸ் கர்ரேதாஸ் தெருவில் 33-ஆம் எண்ணில் இருக்கும் பயணியர் அலுவலகத்தில். முந்தைய நாளே அவர்கள் இணையப் பக்கத்தில் பெயர், தொடங்கிய ஊர், நோக்கம் எல்லாம் பதிந்து குறியீட்டைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். போனதும் வரிசை எண் எடுத்தால் போதும். கோடையில் நண்பகல் முதல் மாலை வரை கூட்டம் நெரியும், காலையில் திறந்தவுடன் போனால் சில நிமிட வேலை.

பதிவில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். முன்னெழுத்துக் குழப்பத்தால் அப்பா பெயரில் சான்றிதழ் வாங்கிவிடும் வாய்ப்பு நம்மவர்களுக்கு உண்டு. நோக்கம் என்ற இடத்தில் சமயம் அல்லது ஆன்மிகம் என்று குறித்தால் லத்தீனில் எழுதிய கொம்போஸ்தெலா. விளையாட்டு, சுற்றுலா என்றால் வேறொரு வரவேற்புச் சான்று. கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கொம்போஸ்தெலா இலவசம். கிலோமீட்டர் கணக்கோடு வேண்டுமானால் தூரச் சான்றிதழ், சில யூரோ. சுருட்டி வைக்கும் அட்டைக் குழாயையும் வாங்கிவிடுங்கள், மழையில் நனைந்த தாளுக்கு மாற்றுக் கிடையாது.

9. ஊருக்குள் ஒரு முழு நாள்

நடந்து வந்த அன்றே திரும்பும் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். முதுகுப்பையோடு பேராலயத்துக்குள் விடமாட்டார்கள், ருவா தோ ஃபிராங்கோ தெரு அஞ்சலகத்தில் கட்டணம் கட்டி வைக்கலாம். நண்பகல் திருப்பலிக்கு அரை மணி முன்பே இடம் பிடியுங்கள். 53 கிலோ எடையுள்ள தூபக்கலம் 'போத்தாஃபுமெய்ரோ' தினமும் ஆடாது. பெருவிழா நாட்களிலும், யாராவது பணம் கட்டி ஏற்பாடு செய்த நாட்களிலும் மட்டும். எட்டுப் பேர் கயிறு இழுப்பார்கள். பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை நம்பித் தேதி குறிப்பதானால் ஜனவரி 6, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 8 போன்ற விழா நாட்களைப் பாருங்கள். முகப்புக்குள் இருக்கும் 'மகிமை வாயில்' சிற்பங்களுக்குத் தனிச் சீட்டு.

அபாஸ்தோஸ் சந்தை காலையில் மட்டும். ஞாயிறு விடுமுறை, திங்களன்று மீன் குறைவு. வாங்கிய சிப்பியையும் இறாலையும் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சமைத்துத் தரும் கடை உள்ளேயே உண்டு. பெர்செபேஸ் என்ற பாறைக்கொட்டலசு கிலோ விலையில் போகும், எடை போடுவதற்கு முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

ஊருக்குக் கொண்டுவர ஏற்றது 'தார்த்தா தெ சாந்தியாகோ' என்ற பாதாம் கேக். பாதாம், சர்க்கரை, முட்டை, எலுமிச்சைத் தோல், அவ்வளவுதான், மைதா கிடையாது. மேலே சர்க்கரைப் பொடியில் யாகப்பர் சிலுவை. நூற்றாண்டுகள் பழையது போலத் தோன்றும் அந்தச் சிலுவை, 1924-இல் காசா மோரா என்ற உள்ளூர் இனிப்புக்கடை தொடங்கிய வழக்கம். 2010 முதல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு உண்டு, அந்த முத்திரை இருந்தால் மூன்றில் ஒரு பங்காவது பாதாம் இருக்கும். தெருவில் துண்டு நீட்டி அழைக்கும் கடைகளில் பெட்டியைத் திருப்பி, மைதா சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சான் பாயோ மடத்துக் கன்னியர்களும் கேக்கும் பாதாம் இனிப்பும் விற்கிறார்கள். ஆளைப் பார்க்க முடியாது, சுவரில் மரச் சுழல்பெட்டி இருக்கும். மணியடித்து, வேண்டியதைச் சொல்லிப் பணத்தை வைத்தால் பெட்டி சுழன்று இனிப்போடு திரும்பும். சில்லறையாகக் கொண்டுபோங்கள்.

விமான நிலையத்துக்கு 6ஏ பேருந்து, ஒரு யூரோ. அட்டைக் குழாயையும் கேக் பெட்டியையும் கைப்பையோடு எடுத்துக்கொள்ளுங்கள், சரக்குப் பெட்டியில் போட்டால் இரண்டும் நசுங்கும்.